தோடு மட்டும் மிச்சம்

கணவன் போன பிறகு பிள்ளைகளை ஒண்டியாக நின்று ஆளாக்கிய தாய்மார்களுக்குத் தமிழ்நாடு பட்டிருக்கும் கடன்

காதில் கிடந்த தோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற நகைகளையெல்லாம் சிவகாமி அம்மாள் விற்றார். வந்த பணத்தை விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) ஒரு வியாபாரியிடம் கொடுத்துவைத்தார். மாதாமாதம் கிடைத்த வட்டியில்தான் குடும்பம் நடந்தது. கணவர் குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரம் செய்தவர். அவர் இறந்தபோது மகன் காமராஜுக்கு ஆறு வயது. மகள் நாகம்மாள் அவனுக்கும் இளையவள். வீட்டில் பாட்டி பார்வதி அம்மாளும் இருந்தார்.

முதலில் கை வைக்காமல் வட்டியில் மட்டும் வாழ்வது என்று எடுத்த அந்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. நகை நகையாகவே இருந்திருந்தால் ஒவ்வொரு அவசரத்துக்கும் ஒன்றாய் அடகுக்குப் போயிருக்கும். மீட்க வழியில்லாமல் முழுகியிருக்கும். கையில் பணமாக இருந்திருந்தால் கேட்டு வரும் உறவுக்காரருக்கு இல்லையென்று சொல்ல முடிந்திருக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறு வயதில் தாலியை இழந்த ஒரு பெண், துக்கம் ஆறும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை. பையன் தலையெடுக்கப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை இந்தப் பணம் தாங்க வேண்டும்.

பணம் தாங்கியது. பையனின் படிப்பைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. சத்திரிய வித்யாசாலாவில் படித்துக்கொண்டிருந்த காமராஜ் ஆறாம் வகுப்பு வாக்கில் பள்ளியிலிருந்து நின்று, மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனார். பிறகு அரசியல் பக்கம் சாய்கிறானே என்று கவலைப்பட்டு, திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கேயும் அவர் அடங்கவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் பல தடவையாகச் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் சிறையில் கழிந்தது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நகையை விற்று வளர்த்த ஒரே மகன். பேரன் பேத்தி என்ற சந்தோஷம்கூட அவன் வழியாக அந்தத் தாய்க்குக் கிடைக்கவில்லை.

1954இல் அந்த மகன் முதலமைச்சர் ஆனார். அம்மா விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மாதம் 120 ரூபாய் செலவுக்கு வரும். முதலமைச்சரின் தாயாரைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா, கலர் வாங்கிக் கொடுக்கப் போதவில்லை, கொஞ்சம் கூட்டி அனுப்பச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டதாகவும், மகன் மறுத்துவிட்டதாகவும் ஊரில் இன்றும் சொல்வார்கள். நகராட்சிக்காரர்கள் அந்த வீட்டுக்கென்று தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்ததும், காமராஜ் அதை எடுக்கச் சொன்னதும் அதேபோல வாய்வழியாக வந்த கதைதான். மேடைகளில் இவற்றை மகனின் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் முகம்தான் நினைவுக்கு வரும். மகனின் நேர்மைக்கு மாதாமாதம் விலை கொடுத்தவர் அவர். வட்டிப் பணத்தில் வாழப் பழகிய கைக்கு 120 ரூபாயிலும் வாழத் தெரிந்திருந்தது.

அப்படியானால் காமராஜ் தாய்க்கு என்னதான் செய்தார்? 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் ஊர் மக்கள் கொடுத்த அரிசி பருப்பில், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பில் அது ஊர் ஊராகப் பரவியது. அம்மாவை மனதில் வைத்துத்தான் செய்தேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். நகையை விற்றும் ஒரு தாயால் எதைக் காப்பாற்ற முடியாமல் போனதோ, அதைத்தான் அந்தச் சோறு காப்பாற்றியது. அது பிள்ளையின் படிப்பு.

கும்பகோணத்தில் ஒரு குடித்தனம்

தமிழ்நாட்டு முதலமைச்சர்களில் சிறு வயதிலேயே தகப்பனை இழந்து தாயால் வளர்க்கப்பட்டவர்கள் என்று பார்த்தால் காமராஜ், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று மூன்று பேர் உடனே நினைவுக்கு வருகிறார்கள். கட்சி வேறு, காலம் வேறு, குணமும் வேறு. மூன்று பேரும் ஊருக்குச் சோறு போடும் திட்டத்தில் தங்கள் பெயரைப் பதித்துவிட்டுப் போனார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

எம்.ஜி.ஆர். 1917இல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தார். அப்பா கோபாலமேனன் இறந்தபோது அவர் விவரம் தெரியாத குழந்தை. சத்தியபாமா பிள்ளைகளோடு கடல் தாண்டி வந்து கும்பகோணத்தில் குடியேறினார். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியவர் அண்ணன் சக்கரபாணி. இரண்டு பையன்களும் யானையடிப் பள்ளியில் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், மூளையும் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிவதுதான் நிச்சயமில்லாமல் இருந்தது.

அந்த நிலையில் சத்தியபாமா எடுத்த முடிவை எந்தத் தாயும் மனதார எடுக்க மாட்டாள். இரண்டு பிள்ளைகளையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்த்தார். எம்.ஜி.ஆருக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். ஊர் ஊராகப் போக வேண்டும். வாத்தியாரின் அடி உதைக்கும் குறைவிருக்காது. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும். பிள்ளை கண் முன்னால் பட்டினி கிடப்பதா, கண்ணுக்கு எட்டாத இடத்தில் வயிறார இருப்பதா என்ற கேள்வி வந்தபோது இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

அந்தப் பட்டினியை எம்.ஜி.ஆர். மறக்கவில்லை. பசித்தால் அழுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத வயதில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கொடுத்த கஞ்சிதான் தங்கள் குடும்பத்தைச் சாவிலிருந்து காப்பாற்றியது என்று சத்துணவுத் திட்டம் பற்றிப் பேசும்போது வெளிப்படையாகச் சொன்னார். அம்மாவின் மீது அவருக்கிருந்த பக்தி தமிழ்நாடே அறிந்தது. ‘தாய்க்குப்பின் தாரம்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’, ‘தெய்வத் தாய்’, ‘தாயின் மடியில்’ என்று அவருடைய படத் தலைப்புகளே அதற்குச் சாட்சி. அடையாறில் இருந்த அவருடைய ஸ்டூடியோவுக்குச் சத்யா என்று பெயர். ஆர்.எம். வீரப்பன் தொடங்கிய பட நிறுவனத்துக்கும் சத்யா மூவீஸ் என்றே பெயர். ராமாவரம் தோட்டத்தில் அம்மாவுக்குக் கோயிலே கட்டி வணங்கினார்.

படத் தலைப்பும் கோயிலும் அவருடைய சொந்தப் பக்தி. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் அவர் தொடங்கிவைத்த திட்டம் ஊருக்கே உரியது. முதலில் கிராமப்புறக் குழந்தைகளுக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு. 1984இல் பத்தாம் வகுப்பு வரைக்கும். பள்ளிக்கூடத்தைச் சோற்றுக் கூடமாக்குகிறார், கஜானாவைக் காலி செய்கிறார் என்று படித்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டில் அதற்குப் பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

சேலை முந்தானை

ஜெயலலிதாவின் அம்மா வேதவல்லி செய்தது வேறு வகை. கணவர் ஜெயராம் இறந்தபோது மகளுக்கு இரண்டு வயது. வேதவல்லி இரண்டு குழந்தைகளோடு பெங்களூரில் அப்பா வீட்டுக்குத் திரும்பினார். வீட்டோடு முடங்கிக் கிடக்காமல் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்து வேலைக்குப் போனார். பிறகு, சென்னையில் நடிகையாக இருந்த தங்கை வித்யாவதியின் வழியாகச் சினிமாவுக்கு வந்து சந்தியா ஆனார். ஆசாரமான அய்யங்கார் குடும்பத்து விதவை 1950களில் சினிமாவில் நடிப்பதென்றால் ஊர் என்னென்ன பேசியிருக்கும் என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

சந்தியா சென்னையில் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில் மகள் பெங்களூரில் சித்தியிடம் வளர்ந்தாள். அம்மா எப்போதாவது வந்து போவார். இதைப் பற்றி ஜெயலலிதா ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னதை மறக்க முடியாது. அம்மா ஊருக்குக் கிளம்பிவிடுவாளோ என்ற பயத்தில் குழந்தை அவருடைய சேலை முந்தானையைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு தூங்குமாம். முந்தானையை உருவினால் விழித்துக்கொள்ளும். அதனால் அம்மா மெதுவாகச் சேலையை அவிழ்த்துத் தன் தங்கையை உடுத்திக்கொள்ளச் சொல்லிப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார். விடிந்து எழுந்தால் சேலை இருக்கும், அம்மா இருக்க மாட்டார்.

இந்தக் காட்சியில் குழந்தைக்காக எல்லாரும் அழுவார்கள். இருட்டில் சேலையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போன பெண்ணுக்காகவும் அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையைப் பிரிந்தால்தான் பிள்ளைக்குச் சோறு என்ற நிலையில் இன்றைக்கும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஹாஸ்டலிலும், சென்னையில் வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் இடங்களிலும், அரபு நாட்டுச் சமையலறைகளிலும் இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் பாட்டி வீட்டில் தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் கிளம்பி வந்தவர்கள்!

தாயின் தியாகம் என்று எழுதும்போது நாம் வழக்கமாகப் பூசி மெழுகிவிடும் ஒரு விஷயமும் இங்கே இருக்கிறது. சர்ச் பார்க் பள்ளியில் மெட்ரிகுலேஷனில் சிறப்பாகத் தேறிய ஜெயலலிதா மேலே படிக்கத்தான் ஆசைப்பட்டார். குடும்பச் சூழ்நிலை சினிமாவுக்கு அனுப்பியது, அனுப்பியவர் அம்மா. அந்த வருத்தத்தைக் கடைசிவரை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் போயஸ் தோட்டத்து வீட்டுக்கு ‘வேதா நிலையம்’ என்று அம்மாவின் பெயரைத்தான் வைத்தார். சந்தியா 1971இல் காலமானார். வருத்தமும் நன்றியும் ஒரே மனதில் ஒன்றாகக் குடியிருக்கும் என்பது இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஏ.ஆர். ரஹ்மானுக்கும் இதே கதைதான். 1976இல் அப்பா ஆர்.கே. சேகர் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அம்மா, பின்னாளில் கரீமா பேகம், கணவர் விட்டுப்போன கீபோர்டுகளையும் மற்ற இசைக் கருவிகளையும் வாடகைக்கு விட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தார். கருவிகளை விற்று முதலாக்கும்படி யோசனை சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர் விற்கவில்லை, மகன் வாசிப்பான் என்று காத்திருந்தார். பள்ளியிலிருந்து மகனை நிறுத்தி முழுநேரம் இசைக்கு அனுப்பியவரும் அவரே. ஸ்டூடியோ கட்டக் கை நகையைக் கொடுத்தவரும் அவரே. 2009இல் ஆஸ்கர் மேடையில் நின்று ரஹ்மான் தன்னிடம் இருக்கும் செல்வம் அம்மாதான் என்று ஓர் இந்திப் பட வசனத்தைச் சொல்லி நன்றி தெரிவித்தபோது அவர் அரங்கில் உட்கார்ந்திருந்தார். 2020 டிசம்பரில் காலமானார்.

இந்த நான்கு பிள்ளைகளும் உலகம் அறிந்தவர்கள் ஆனார்கள். நான்கு பேரின் படிப்பும் நடுவில் நின்றது. அம்மாக்களின் உறுதி உயிரைக் காத்தது, மானத்தைக் காத்தது, வாழ ஒரு வழி காட்டியது. படிப்பை மட்டும் அவர்களால் தனியாகக் காக்க முடியவில்லை. அதற்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. இவ்வளவு திறமையும் அதிர்ஷ்டமும் வாய்க்காத, படிப்பு நின்றதோடு வாழ்க்கையும் நின்றுபோன பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் இதே அளவு பாடுபட்டவர்கள்தான்.

அண்டாவும் கரண்டியும்

அந்த இன்னொரு கையை நான் பார்த்திருக்கிறேன். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளுக்கு விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை தந்தார்கள். தகப்பனில்லாத பிள்ளைக்குச் சோறு போட ஆரம்பித்த திட்டம், அந்தப் பிள்ளையின் தாய்க்கு வேலையும் கொடுத்தது. இதை யோசித்துச் செய்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

என் அம்மா அப்படித்தான் சமையலர் ஆனார். அப்பா லாரியில் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் திரும்பி வரவில்லை, உடல்தான் வந்தது. சமையலர் ஆவதற்கு முன்னால் அம்மா கடலை உரிப்பு, களையெடுப்பு, சித்தாள் வேலை என்று எது கிடைத்தாலும் போனார். சத்துணவு மையத்தில் வேலை கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒரு மாதத்தின் முதல் வாரம் எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கமே வந்தது.

கிழக்கு வெளுக்கும் முன்பே வீட்டு வேலையை முடித்துவிட்டு மையத்துக்குப் போய்விடுவார். அன்றைக்கெல்லாம் விறகடுப்பு. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். ஊதி ஊதிக் கண்ணும் தொண்டையும் புண்ணாகும். பெரிய அண்டாவில் உலை கொதித்ததும் அரிசியைக் கொட்டிக் கிளறுவார்கள். இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பார் அம்மா. “நசுங்கணும், ஆனா குழையக் கூடாது. குழைஞ்சா பிள்ளைங்க தட்டுல வெச்சுட்டு ஓடிப்போயிடும்” என்று உதவியாளர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். கஞ்சி வடிக்க அண்டாவை ஆளுக்கொரு பக்கம் துணி சுற்றிப் பிடித்துச் சாய்க்க வேண்டும். ஒருத்தியின் கை கொஞ்சம் தளர்ந்தாலும் கொதிக்கும் கஞ்சி மேலே கொட்டும். அம்மாவின் இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வரை அந்தத் தழும்பு இருந்தது. புளியோதரைக்குத் தாளித்த எண்ணெய் தெறித்த புள்ளிகள் அதன் மேலே தனியாக.

மணியடித்ததும் நாங்கள் அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்போம். என் முறை வரும்போது அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார். மற்றவர்களுக்குத் தலை தட்டிய கரண்டி, எனக்கு அரைக் கரண்டி. சாம்பாரில் காய் வராது. வீட்டுக்கு வந்து அழுதேன். “உனக்கு ஒரு காய் கூடப் போச்சுன்னா நாளைக்கு எனக்கு வேலை போயிடும்” என்றார். தன் பிள்ளைக்கு எடுத்து வைக்கிறாள் என்று ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. புருஷன் இல்லாதவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே அவருக்குத் தினசரி இன்னொரு வேலையாக இருந்தது. பூ வைக்காமல், சிரித்துப் பேசாமல், பொழுது சாய்ந்த பிறகு தெருவில் நிற்காமல். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது.

அம்மாவின் பலம் என்று பிறர் சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் நான் நினைத்துக்கொள்வேன். அவர் பலசாலியாக இருந்தே ஆக வேண்டும் என்று ஊர் அவரை நிர்ப்பந்தித்தது. உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் படுத்திருக்கவோ, மனம் விட்டு ஒரு நாள் அழவோ அவருக்கு அனுமதி இல்லை.

கையெழுத்து யாருடையது

பள்ளியில் ரேங்க் கார்டு கொடுத்தால் “அப்பா, இல்லேன்னா பாதுகாவலர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா” என்பார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் மாமாவின் கையெழுத்தையே ஒரு வாத்தியார் கேட்டார். சோறாக்கிப் போட்டு, ஃபீஸ் கட்டி, ராத்திரி பாடம் படிக்கும்போது பக்கத்தில் விழித்திருந்தவரின் கையெழுத்து செல்லாது; தீபாவளிக்கு ஒரு தடவை வந்துபோகும் மாமாவின் கையெழுத்து செல்லும்.

இது எங்கள் பள்ளியோடு நின்ற வழக்கமில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்றே எழுதிவைத்திருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கக் கேட்டபோது அப்பாவின் கையெழுத்து வேண்டுமென்று சொன்னார்கள். கணவர் உயிரோடு, சம்மதத்தோடு இருந்த வீட்டிலேயே இந்த நிலை. அவர் வழக்குப் போட்டார். 1999இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் ‘பிறகு’ என்று இருப்பதைத் தகப்பன் இறந்த பிறகு என்று மட்டும் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாய் காப்பாளராகலாம் என்று தீர்ப்பளித்தது. 2015இல், கல்யாணமாகாத தாய் தகப்பன் பெயரைச் சொல்லாமலே தன் பிள்ளைக்குக் காப்பாளராக விண்ணப்பிக்கலாம் என்றது. 2016 இறுதியில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்ற விதி வந்தது. 2018இல் பான் கார்டிலும், தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்கு அப்பா பெயர் கட்டாயமில்லை என்றார்கள்.

கணவன் செத்துப்போனவளுக்காவது ஒரு இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. விட்டுவிட்டு ஓடிப்போனவனின் மனைவிக்கு அதுவும் இல்லை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் “புருஷன் எங்கே?” என்ற கேள்விக்கு அவள் முதலில் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகை 1975இல் தொடங்கியது. கைவிடப்பட்ட பெண்களுக்கு அது வர 1986 ஆயிற்று. இந்த உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அரசு வேலையில் பெண்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் ஆதரவற்ற விதவைகளுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அதற்கான சான்றிதழை வாங்கக் கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கி மேலே போக வேண்டும். நடையாய் நடக்கிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். ஒண்டியாய்ச் சம்பாதிக்கிறவளுக்கு ஒரு நாள் கூலி என்பது அன்றைய சாப்பாடு.

மூவாயிரம் ரூபாய்

2013 பிப்ரவரியில் ஜெயலலிதா சென்னையில் அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைத்துப் பரிமாறியவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். இதற்கெல்லாம் முன்பே மு. கருணாநிதி காலத்தில் சத்துணவில் முட்டை சேர்ந்தது. ஆட்சி மாறினாலும் அண்டாவை யாரும் இறக்கி வைக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைக் கூடச் சேர்த்தார்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு அரசியலைப் பற்றி நான் பெருமைப்படுகிறேன்.

பெருமை அடுப்படிப் பக்கம் போனதும் குறைந்துவிடுகிறது. ஆரம்பத்திலிருந்தே சத்துணவு ஊழியர்களுக்குத் தொகுப்பூதியம். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று வந்தது. மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள முழுக் காலமுறை ஊதியம் இன்னும் வரவில்லை. காலியிடங்கள் நிரப்பப்படாமல் ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசு ஆணை போட்டது. தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். நாளுக்கு நூறு ரூபாய். அரை நாள் வேலைதானே என்று கணக்குச் சொல்கிறார்கள். காலையில் போய் மதியம் பாத்திரம் கழுவி முடித்து வருகிறவளுக்கு அதற்குப் பிறகு எந்தக் கூலி வேலை கிடைக்கும் என்பதை அந்தக் கணக்குப் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களில் ஒண்டியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும் இருப்பார்கள். முன்னுரிமையே அவர்களுக்காக வைத்ததுதானே.

என் அம்மா ஓய்வு பெற்ற நாளில் தலைமையாசிரியர் சால்வை போர்த்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கையில் கிடைத்த தொகை என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் பாதியை அடைத்தது. அதன் பிறகு மாதாமாதம் வந்தது சொற்பம். அவர் எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவர். “நமக்கு இவ்வளவு குடுத்ததே பெருசு” என்பார். அவரோடு வேலை பார்த்த உதவியாளர் அக்கா அப்படிப்பட்டவர் இல்லை. சங்கக் கொடி பிடித்துக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார், மறியலில் கைதாகிக் கல்யாண மண்டபத்தில் அடைபட்டு, சாயங்காலம் விடுதலையாகி, மறுநாள் காலையில் வழக்கம்போல உலை வைத்தார். அம்மாவின் பொறுமையைப் போலவே அந்த அக்காவின் கோபத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். எனக்குச் சோறு போட்ட கைகளில் அவருடைய கையும் ஒன்று.

அந்த அக்கா அன்றைக்குக் கேட்டதைத்தான் இன்றைக்கும் சங்கங்கள் கேட்கின்றன. முழுக் காலமுறை ஊதியம், பிழைக்கப் போதுமான ஓய்வூதியம், காலியிடங்களில் ஆள். ஒவ்வொரு வருஷமும் மானியக் கோரிக்கைக்கு முன்னால் மனு போகிறது. அடுத்த மானியக் கோரிக்கையில் அமைச்சர் எழுந்து தாய்மார்களைப் புகழ்ந்து பேசும்போது, அந்த மனுவில் உள்ள மூன்று கோரிக்கைகளுக்கும் பதில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.